தேனு இல்லாத காம்போதி

பதுளை பஜார் வீதியில் நான் வேலை பார்த்த இடத்துக்கு ‘ரெக்கோடிங் பார்’ என்று பெயர். கேசட்டில் பாட்டுப் பதிந்து விற்கிற கடைகளை எங்கள் இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பெண் கேட்டுப் போனபோது, மாப்பிள்ளை பாரில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டுப் பெண் வீட்டார் முகம் கொடுத்தே பேசவில்லை. என் மாமனார் ஹல்துமுல்லையிலிருந்து பஸ் ஏறி வந்து, கடைக்குள் தலையை நீட்டி, போத்தல் ஒன்றும் இல்லை, கேசட்தான் இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். வேலையென்று நான் பார்த்ததெல்லாம் அந்தப் பாரில்தான்.

அதே இடத்தில் இப்போது ஒருவர் கைத்தொலைபேசி திருத்துகிறார். முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்தவர். “பழைய கச்சேரியெல்லாம் கம்பெனிக்காரங்க திரும்பவும் வெளியிடுறாங்களே, நம்ம தொழிலப் பத்தி எழுதுங்கண்ணே” என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை, எரிச்சலைத் தவிர. போன மாதம் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரே பாட்டில் நான் இரண்டு முறை அதிர்ந்துபோனேன். முதல் அதிர்ச்சி கோபத்தில் முடிந்தது. இரண்டாவது எதில் முடிந்தது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

தொழில் பழகின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பாடசாலையை விட்டதும் கடை கூட்ட வந்தேன். பிறகு இசைத்தட்டுக் கழுவினேன். அதற்கும் ஒரு முறை இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு, பஞ்சால் வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் கீறல் விழும். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஈரம் படவே கூடாது, பாடினவர் பேர் அதில்தான் இருக்கிறது. கழுவப் பழகின பிறகு தட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றும் மெஷினில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் முதலாளி சுந்தரம் அவர்கள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதிவு முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கேட்பார். பிடிக்கவில்லையென்றால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தபடி, “சாப்பிட்டியாப்பா?” என்பார். ஆமாம் என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்றுதான் அர்த்தம். ஒரு தடவை பழைய தட்டு ஒன்றில் மழை பெய்வதுபோல இரைச்சல் தாங்கவில்லை என்று மெஷினின் திருகாணியைத் திருகிக் குறைத்துவிட்டேன். காதுக்கு இதமாகத்தான் இருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

“மழைய நிப்பாட்டுறேன்னு போயி பாகவதர் பல்லப் புடுங்கிட்டியேப்பா. ‘சரவணபவ’ன்னு பாடுறவரு ‘தரவணபவ’ங்கிறாரு, கேளு.”

கேட்டேன். உண்மைதான். இரைச்சலோடு சேர்ந்து ‘ச’வும் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் திருகாணி என்றாலே எனக்குப் பயம்.

இன்றைக்கு மீள்வெளியீடு என்று கம்பெனிகள் விடுவதைக் கேட்டால் அந்தப் பயம் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை போலிருக்கிறது. பாகவதர்கள் எல்லோரும் பொக்கை வாயோடு பாடுகிறார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கினதும் குரலை மெல்ல மங்க வைத்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், மிருதங்கக்காரர் என்ன பாவம் செய்தாரோ. ராகத்தின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ட்ராக் நாலு’ என்று இருக்கிறது. வயலின்காரர் பேரைத் தேடினால் கம்பெனியின் பேர் மூன்று இடத்தில் கிடைக்கிறது. எத்தனையோ வித்துவான்களின் அட்டையில் ஒரே குத்துவிளக்குப் படம். இதெல்லாம் எனக்கு எரிச்சல்தான், அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி கந்தசாமியின் காம்போதியில் வந்தது.

கந்தசாமி ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. கனத்த குரல். மார்கழி மாதம் விடியக்காலையில் தோட்டத்துப் பஜனை, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாகப் போகும். முன்பாட்டுக்காரர் ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் அதையே பின்பாட்டாகப் பாடுவார்கள். கந்தசாமி எப்போதும் முன்பாட்டு. அந்தக் கோயிலுக்கென்றே யாரோ கட்டி வைத்துவிட்டுப் போன கீர்த்தனை ஒன்று, ‘பனிமலை வாசனே’ என்று காம்போதியில், சரணம் சரணமாக நீண்டுகொண்டே போகும். அதை ஓர் எழுத்து பிசகாமல் பாடுவார். ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர்.

“எழுத்துத் தெரியாத மனுசன் தலைக்குள்ள ஒரு புத்தகக் கடையே வச்சிருக்கார்ப்பா” என்று முதலாளி வியந்துபோனார். எங்கள் கடை சொந்தமாகவும் சில கேசட்டுகள் போட்டது. அதில் கந்தசாமியையும் போடுவது என்று முடிவானது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்கே போனோம். தரையில் சாக்கு விரித்து, ஜன்னலில் லயத்து ஆட்கள் கொடுத்த கம்பளியைத் தொங்கவிட்டோம். தகரக் கூரை. நாங்கள் போன நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. விடும் என்று காத்திருந்து பார்த்தோம், எங்கள் ஊவா மாகாணத்து மழை யார் பேச்சைக் கேட்கும். ‘சரி, அதுவும் பாடட்டும்’ என்று முதலாளி சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு கட்டாயமான பழக்கம் உண்டு. சுருதிப் பெட்டி தொடங்குவதற்கு முன்பே டேப் ஓடத் தொடங்கிவிட வேண்டும். எல்லோரும் எழுந்து போன பிறகுதான் நிறுத்த வேண்டும். “பாட்டு எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு நமக்கென்னப்பா தெரியும்?” என்பார்.

கந்தசாமிக்குப் பின்னால், தூணோரம், அவருடைய மனைவி மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுதால் பதிவு கெட்டுப் போகுமே என்று நான் பதறினேன். முதலாளி மரியாதையாகத்தான் கேட்டார்.

“தங்கச்சி, பிள்ளையோட கொஞ்சம் வெளிய இருக்கலாமாம்மா?”

அந்தப் பெண் எழுந்திருக்கப் போனார். கந்தசாமி அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார்.

“அவ இருக்கட்டுங்க மொதலாளி. அவ இல்லாட்டி எனக்குப் பாட்டு வராதுங்க.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மிருதங்கக்காரர், “புது மாப்பிள்ளை கணக்கா பேசுறாரே” என்று கேலி செய்தார். அந்தப் பெண் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தூணோரமே உட்கார்ந்துவிட்டார். அவர் பேர் என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டு பிரமாதமாகப் போனது. இரண்டாம் சரணம் முடிந்து அடுத்ததை எடுக்க வேண்டிய இடத்தில் குழந்தை வீரிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கந்தசாமி நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அதே காம்போதியில், அதே தாளத்தில், “அழாதடி தேனு, அப்பா இங்கதான் தேனு” என்று பாட ஆரம்பித்துவிட்டார். ‘தேனு’வை மேல் ஸட்ஜம் வரைக்கும் இழுத்தார். மறுபடி, மறுபடி. மிருதங்கக்காரர் திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டே கூடப் போனார். குழந்தை அடங்கினதும் கந்தசாமி ஒன்றுமே நடக்காததுபோல மூன்றாம் சரணத்துக்குள் நுழைந்தார். முதலாளியின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடைக்கு வந்ததும், “அந்த இடத்த வெட்டிரட்டுங்களா?” என்று கேட்டேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “சாப்பிட்டியாப்பா?”

வெட்டவில்லை. அந்தக் கேசட் தோட்டம் தோட்டமாகப் போனது. ‘தேனு பாட்டு இருக்கா?’ என்றுதான் ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டு, நாடா அங்கே மட்டும் தேய்ந்து போய் மறுபடி வாங்க வந்தவர்கள் உண்டு. பிரதி எடுத்து எடுத்து எனக்கு அது மனப்பாடம். அந்த ஒலிநாடாவில் எனக்குத் தெரியாத ஒரு மூச்சுக்கூட இல்லை என்று நினைத்திருந்தேன்.

கந்தசாமி நெடுநாள் இருக்கவில்லை. நெஞ்சுவலி வந்து, தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். தேனு அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. தாய் கொழுந்து பறித்து அவளை வளர்த்து, வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார். பிறகு ஓர் அடைமழையில் லயத்துக்கு மேலே இருந்த மலை இறங்கிவிட்டது. தாயும் போனார், வீடும் போனது. தகரப் பெட்டியில் இருந்த ஒற்றைப் புகைப்படமும் அந்தக் கேசட்டும் மண்ணோடு போயின.

முதலாளி காலமாகி, கடையும் மூடி, டேப்புகள் எல்லாவற்றையும் அவர் மகன் கொழும்பில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அலமாரியில் பூஞ்சணம் பிடிப்பதைவிட நாலு பேர் கேட்கட்டுமே. அந்தக் கம்பெனிதான் ‘மலையகத்தின் அரிய இசை’ என்று ஒரு தொகுப்பாக எல்லாவற்றையும் மீள்வெளியீடு செய்தது. அட்டையில் வழக்கம்போலக் கூடையோடு சிரிக்கிற கொழுந்து பறிக்கும் பெண். உள்ளே பாடுகிறவர்களில் ஒருவர்கூடக் கூடை சுமந்தவர் இல்லை.

வெளிவந்த அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தேனு என் வீட்டு வாசலில் நின்றாள். நாற்பதைத் தாண்டிய பெண். கையில் போன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மாமா, அப்பா பாட்டு வந்திருக்கு.”

“கேள்விப்பட்டேம்மா. சந்தோசந்தானே?”

“பாட்டு இருக்கு மாமா. நான் இல்ல.”

எனக்கு விளங்கவில்லை. அவள் போனைத் தட்டி என் காதுப் பக்கம் நீட்டினாள். கந்தசாமியின் குரல், நேற்றுப் பாடினதுபோலப் பளிச்சென்று. மழை இல்லை. சுருதிப் பெட்டியின் தொடக்கம் இல்லை. இரண்டாம் சரணம் முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மிருதங்கம் முடிப்பாக ஒரு தீர்மானம் வைத்தது, உடனே மூன்றாம் சரணம் வந்தது.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அப்படித்தான். தாளம் ஓர் அட்சரம் தவறவில்லை. அங்கே ஒன்று இருந்தது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒட்டியிருந்தார்கள். ஒரு மனிதன் தன் பிள்ளையைக் கூப்பிட்டதை எடுத்துவிட்டு, கூப்பிடவே இல்லை என்று சத்தியம் செய்கிற மாதிரி ஒரு பாட்டு.

“எல்லாருக்கும் நான் தேன்மொழி மாமா. பள்ளிக்கூடத்துல, கடையில, கட்டினவருக்கும் தேன்மொழிதான். தேனுன்னு கூப்பிட்டது அப்பா ஒருத்தருதான். அதுவும் எனக்கு ஞாபகம் இல்ல, அந்தக் கேசட்டுலதான் கேட்டிருக்கேன். பத்துப் பதினஞ்சு வருசமா தேடுறேன், ஒருத்தர்கிட்டயும் இல்ல, உங்ககிட்டகூட இல்ல. கம்பெனி போடுதுன்னு கேட்டதும் எம் பிள்ளைங்கள எல்லாம் கூட்டி உக்கார வச்சு, ‘இப்ப தாத்தா அம்மாவக் கூப்பிடுவாரு பாருங்க’ன்னு சொன்னேன் மாமா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பெனி பக்கத்தில் இருந்திருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பேன். போன் கடைக்காரரிடம் சொல்லி நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். நிரோஷா என்று ஒரு பெண் எடுத்தார். ஒலியைச் சீர் செய்தது அவர்தானாம். நான் கத்தினதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஐயா, பிள்ளை அழுகிற சத்தத்தை இரைச்சல் என்றுதான் நினைச்சம். அந்த வரி பாட்டிலே இல்லாத வரி. தடங்கல் என்று எடுத்துப்போட்டன். அது ஒருத்தரோட பேர் என்று எனக்குத் தெரியாது.”

என் கத்தல் அடங்கிவிட்டது. மூல டேப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது ஒரு தடவை ஓடினதோடு உதிர்ந்துவிட்டதாம். நாடாவிலிருந்த பூச்சு பொடிப்பொடியாகக் கொட்டி, மெஷினைத்தான் துடைக்க வேண்டியிருந்ததாம். தேனு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிரோஷாவே மேலே பேசினார்.

“ஆனா ஐயா, நீக்கினது தனியா இருக்கு. நாங்க குரலையும் மிருதங்கத்தையும் பிரிச்சு எடுத்தா, மிச்சமெல்லாம் ஒரு கோப்பிலே போய்ச் சேரும். வெட்டினதையும் அதே இடத்திலே போட்டு வைக்கிறனான். அழிக்கயில்லை. அதுக்கு நாங்க குப்பை என்றுதான் பேர் வச்சிருக்கிறம். அனுப்பட்டா?”

அனுப்பினார். என் மேசையில் பழைய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. தேனுவை உட்கார வைத்து, போனை அதில் பொருத்தினேன்.

முதலில் சுருதிப் பெட்டி. பிறகு மழை, தகரத்தில் அடிக்கிற அதே மழை. “ம், போகலாம்” என்று முதலாளியின் குரல். செத்துப்போன மனுஷன் அறைக்குள் பேசினதுபோல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் பிறகு கந்தசாமி பாடியிருக்க வேண்டிய இடம் வெறும் மழையாக இருந்தது. அந்த மழைக்குள் யாரோ பேசினார்கள்.

“பனிமல…”

பெண் குரல். மூச்சுக்குள் சொல்கிற குரல். நான் தேனுவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மழை. மறுபடியும், “மயிலேறி…” அது அனுபல்லவியின் முதல் சொல். மறுபடி மழை. பிறகு முதல் சரணத்தின் முதல் சொல். ஒவ்வோர் அடிக்கும் முன்னால், கந்தசாமி மூச்சு வாங்குகிற அந்த இடுக்கில், அந்தக் குரல் அடுத்த அடியை எடுத்துக்கொடுத்துக்கொண்டே வந்தது. எத்தனை நூறு பிரதி எடுத்த காது என்னுடையது! ஒரு தடவைகூட எனக்குக் கேட்டதில்லை. அவருடைய கனத்த குரலும் மிருதங்கமும் அதை மூடியிருந்தன. இப்போது பாட்டை எடுத்துவிட்டார்கள், அது தெரிந்தது.

“யாரு மாமா அது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேனு எழுந்து ஒலிபெருக்கியில் காதை வைத்தாள். “அம்மா… அம்மா மாமா! எங்கம்மா!”

“உங்கம்மா படிச்சவங்களாம்மா?”

“அஞ்சாப்பு வரைக்கும். ஆனா பாடி நான் கேட்டதே இல்லையே. அப்பா போன பொறகு பஜனைக்குக்கூட போனதில்லையே. அப்பாதான் பாட்டுக்காரரு, அப்பாதான் பாட்டுக்காரருன்னு சொல்லிச் சொல்லியே என்னைய வளத்தாங்க.”

‘அவ இல்லாட்டி எனக்குப் பாட்டு வராதுங்க.’ கந்தசாமி உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருந்தார். நாங்கள்தான் இளித்துக்கொண்டு நின்றோம்.

இரண்டாம் சரணம் முடிகிற இடம் வந்தது. குழந்தை வீரிட்டது. “ச்சூ, ச்சூ” என்று தாய் தட்டிக்கொடுக்கிற சத்தம், பதறிப்போன சத்தம். அடுத்த அடி வரவில்லை. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. அப்போதுதான் கந்தசாமி, முழுக் குரலில்:

“அழாதடி தேனு, அப்பா இங்கதான் தேனு…”

தேனு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மறுபடி பாடினார், மறுபடி. குழந்தை விசும்பி அடங்கியது. தாய் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாம் சரணத்தின் முதல் சொல்லைச் சொன்னார். அந்தக் கணமே ‘தேனு’ நின்றுபோனது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்கு விளங்கியது அவளுக்கும் விளங்கியிருந்தது. அத்தனை தோட்டத்து ஜனங்களும் அழுது அழுது கேட்ட அந்த இடத்தில் மனுஷனுக்குப் பாட்டு மறந்துபோயிருக்கிறது. பெண்டாட்டி கை ஒழியும் வரைக்கும் சமாளித்திருக்கிறார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“திருட்டு அப்பா! எல்லாரையும் ஏமாத்திட்டாரு மாமா!” என்றாள். பிறகு சிரிப்பு நின்று, “அத்தன பாட்டும் மறந்துபோன நேரத்துல அவரு வாயில வந்தது எம் பேருதான், இல்லீங்களா மாமா?” என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மாலையில் நிரோஷா தானே கூப்பிட்டார். அவரும் அந்தக் கோப்பைக் கேட்டிருந்தார். பாட்டை முழுசாக, மழையோடும் பிள்ளையோடும் மறுபடி சேர்த்து வெளியிடுவதாகச் சொன்னார்.

“அந்த அம்மாட பேரையும் போட வேணும் ஐயா. என்ன பேர்?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தேனுவிடம் கேட்டேன். மாரியாயி என்றாள்.

“எப்படிப் போடுறது ஐயா? பாடியவர் கந்தசாமி, உதவி மாரியாயி என்று போடட்டா?”

எனக்கு முதலாளியின் ஞாபகம் வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

“சாப்பிட்டியாம்மா?” என்றேன்.

“ஐயா?”

“எழுதிக்கம்மா. முன்பாட்டு மாரியாயி. பின்பாட்டு கந்தசாமி.”